தூந்திரா

தூந்திரா (பெயர்ச்சொல்): வடதுருவத்தை ஒட்டி, மரங்களின்றிப் பரந்து கிடக்கும் குளிர்நிலம். உயர்ந்த மலைகளில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலுள்ள நிலத்தை 'ஆல்பைன் தூந்திரா' என்பர்.

சொல் பிறப்பு: ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் வாழும் சாமி மக்களின் மொழியில் இதன் வேர்ச்சொல் மரமற்ற மேட்டுநிலத்தைக் குறிக்கும். அது ரஷ்ய மொழி வழியாக உலகெங்கும் பரவியது. மொட்டைக் குன்றைக் குறிக்கும் ஃபின்னிய மொழியின் 'துந்துரி' இதற்கு உறவுச்சொல்.

விளக்கம்: இங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். வேர் ஆழமாக இறங்க வழியில்லை, கோடையும் குறுகியது, ஓங்கிய மரம் எப்படி நிற்கும்? ஆகவே ஆர்க்டிக் வில்லோ மரம் தரையோடு படர்கிறது. அதன் இளந்தளிர்களில் பட்டு போன்ற மென்மயிர் அடர்ந்திருக்கும். கலைமானின் பாதம் பருவத்துக்கேற்ப மாறுகிறது: கோடையின் சதுப்பில் மெத்தென்றிருக்கும் அடிப்பகுதி, பனிக்காலத்தில் சுருங்கி இறுகும்; அப்போது குளம்பின் கூர்விளிம்பு வெளிப்பட்டுப் பனியைத் தோண்ட உதவும். அடியிலுள்ள லைக்கன்களே அதன் குளிர்கால உணவு. மொட்டை நிலம் என்று பெயர் பெற்றாலும், தூந்திரா உயிர்கள் செழிக்கும் நிலம்.