சப் கேம் பாக்ஸ்

உள்ளங்கையில் அடங்கும் உருவமும், ஏறக்குறைய 3 அங்குல வண்ணத்திரையும், உள்ளேயே பதிக்கப்பட்ட பழைய ஆட்டங்களும் உடையதாய், சீன தேசத்தில் உற்பத்தியாகி, நடைபாதைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் சில நூறு ரூபாய்க்கு விற்பனையாகும் மலிவான வீடியோ கேம் கருவி. ‘400 இன் 1’ என்னும் வாசகம் இதன் அடையாளம். இதனை ஒரு தனிக் கம்பெனியின் பிரத்தியேகச் சரக்கு என்று கொள்வதற்கில்லை. ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போன்ற கருவிகள் பல பெயர்களைத் தாங்கிச் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் பிரசித்தி பெற்றது ‘சப்’ என்ற பெயர்.

புறத்தோற்றத்தில் இது, நிண்டெண்டோ கம்பெனி 1989-இல் வெளியிட்ட கேம் பாய் என்னும் கருவியை ஒத்திருக்கும்: மேலே திரை, கீழே இடப்பக்கம் திசைகாட்டும் சிலுவைப் பொத்தான், வலப்பக்கம் வட்டப் பொத்தான்கள். ஆயினும் இந்த ஒற்றுமை தோலளவில் நிற்பது. உள்ளே இயங்குவது அதற்கு ஆறு ஆண்டு மூத்ததும், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்டதுமான வேறொரு யந்திரம்.

அந்த மூல யந்திரம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளிவந்த ஃபேமிகாம். பிற தேசங்களில் அது என்.இ.எஸ். என வழங்கிற்று. மசாயுகி உஎமுரா என்ற பொறியியல் நிபுணரின் தலைமையில் உருவான அதன் மூளை, 1975-இல் தோன்றிய 6502 என்னும் கணிப்புச் சில்லை அடியொற்றி, அதிலிருந்த பதின்மக் கணக்கு வசதியை மட்டும் நீக்கி, ரிக்கோ கம்பெனி செய்தளித்ததாகும். அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 17,90,000 துடிப்புகள். வேலை நினைவகம் 2 கிலோபைட் மாத்திரமே. 256-க்கு 240 என்ற அளவுள்ள புள்ளித்திரையில் ஒரே சமயத்தில் 64 நகரும் உருவங்களை அது வரைய வல்லது. ஆனால் ஒரே கிடைவரிசையில் எட்டுக்கு மேல் வரைய இயலாது. எதிரிகள் ஒரே மட்டத்தில் திரளும்போது உருவங்கள் மினுக்கி மறைவதற்குக் காரணம் இந்த வரம்புதான். அதே மினுக்கல் சப் கருவியிலும் அப்படியே நிகழக் காண்பவர், தம் கையிலிருப்பது பழைய யந்திரத்தின் அமைப்பையே வரம்புகளோடும் குறைகளோடும் சுருக்கிய வடிவம் என்பதை ஐயமற உணரலாம்.

சுருங்கிய வரலாறு சுவையானது. தைவான் தேசத்துச் சில்லுத் தொழிற்சாலைகள் ஃபேமிகாமின் இரண்டு முக்கியச் சில்லுகளையும் முதலில் தனித்தனியே நகலெடுத்தன. பின்பு அவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஒரே சிலிக்கான் துண்டில் முழு யந்திரத்தையும் அடக்கின. அந்தத் துண்டைச் சுற்றுப்பலகையில் நேரே ஒட்டி அதன்மேல் கருநிறப் பசையைச் சொட்டி மூடிவிடுவதால், கருவியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு உறைந்த கருந்துளி ஒன்றே புலப்படும். நகல் யந்திரங்கள் ருஷ்யாவில் ‘டெண்டி’ என்றும், போலந்தில் ‘பெகாசஸ்’ என்றும் பெயர் பெற்று, மூல யந்திரத்தைக் கண்டேயிராத ஒரு தலைமுறைக்கு அவையே மூலமாக விளங்கின. தமிழ்நாட்டில் 1990-களில் ‘டிவி கேம்’ என்று வழங்கியதும் இவ்வம்சத்தைச் சேர்ந்ததே. மஞ்சள் கேசட்டைச் செருகி, வராவிட்டால் எடுத்து ஊதி, மறுபடி செருகியவர்கள் பலர். நகலெடுப்பில் சிறு பிழைகளும் புகுந்தன. சதுர அலை ஒலியின் இருவகை வடிவங்கள் பல நகல் சில்லுகளில் இடம் மாறிப்போனமையால், அறிந்த மெட்டே சற்று மூக்கடைத்த குரலில் ஒலிப்பதைக் கூரிய செவியினர் கண்டுகொள்வர்.

இனி, நானூறு என்னும் எண்ணிக்கையைப் பற்றி. வாங்குவோரை மயக்கும் அம்சமும், வாங்கியபின் நகைப்பூட்டும் அம்சமும் இதுவே. ஃபேமிகாமின் ஆரம்பகால ஆட்டங்களுக்கு உச்ச அளவு பெரும்பாலும் 40 கிலோபைட். 1985-இல் வெளிவந்து உலகப்புகழ் எய்திய ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் அந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கியதே. நானூறும் அந்த அளவினவே என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 16 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுத்த நாலைந்து புகைப்படங்களின் இடம். ஆகவே, நானூறு ஆட்டங்களை நிறைப்பது பெரிய சாதனையன்று. நானூறு வெவ்வேறு ஆட்டங்களைத் தேடுவதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைத் தயாரிப்பாளர் மேற்கொள்வதில்லை. பட்டியலின் முதற் பக்கங்களில் மாரியோ, ‘கான்ட்ரா’, ‘பாம்பர்மேன்’, ‘சர்க்கஸ் சார்லி’ முதலிய கீர்த்தி பெற்றவை நிற்கும். கீழே செல்லச் செல்ல, ஒரே ஆட்டம் பெயர் மாறியும், நிறம் மாறியும், வீரனின் தலைமட்டும் வேறாகியும் திரும்பத் திரும்ப வரும். நாம்கோ கம்பெனியின் 1985-ஆம் ஆண்டு ‘பேட்டில் சிட்டி’யைத் திருத்திய ‘டேங்க் 1990’ இவ்வகை மாற்றுருக்களுள் யோக்கியமானது. அசலைவிட அதனையே விரும்புவோர் உண்டு. ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட பழைய கேசட்டுகளை அனுபவித்தவர்களுக்கு இந்த உபாயம் புதிதாயிராது.

கருவியைச் சோதித்துப் பார்ப்போர் முதலில் சிலுவைப் பொத்தானைக் கவனித்தல் நலம். வலப்பக்கம் அழுத்துகையில் கட்டைவிரல் சற்றே வழுவினும் கீழ்த்திசையும் சேர்ந்து பதிவாகிவிடும் குறை மலிவான பிரதிகளில் சகஜம். கான்ட்ராவில் இதனால் வீரன் நேரே சுடுவதை விட்டுச் சாய்வாகக் கீழ்நோக்கிச் சுடுவான். அடுத்து, திரை. மூலப்படத்தை அகலவாட்டில் இழுத்து நிரப்புவதால் வட்டங்கள் முட்டை வடிவாகத் தோன்றும். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது என்பதைப் பலர் குறையாகக் கூறுவர். மாரியோவைப் பொறுத்தவரையில் அந்தக் குறை 1985-ஆம் ஆண்டின் அசலுக்கும் உரியது. ஏவி கேபிள் மூலம் தொலைக்காட்சியோடு இணைத்து, தனிக் கட்டுப்பாட்டுப் பிடியால் இருவர் ஆடவும் சில பிரதிகளில் இடமுண்டு. என் அபிப்பிராயத்தில், கருவி தன் சிறப்பை முழுதும் வெளிப்படுத்துவது அவ்வாறு இருவர் ஆடும்போதே.

மின்கலம் தனியே குறிப்பிடத்தக்கது. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கிடப்பது, நோக்கியா 1100 முதலிய கைப்பேசிகளால் வீடுதோறும் அறிமுகமான பிஎல்-5சி வகைப் பாட்டரி. பழுதுற்றால் எந்தக் கைப்பேசிக் கடையிலும் மாற்று கிடைக்கும் என்பது விலையுயர்ந்த கருவிகளுக்கும் வாய்க்காத சௌகரியம். ஆயினும் பெயரில்லாத போலிப் பாட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கச் செல்வது உசிதமன்று.

சட்ட நிலையைப் பொறுத்தவரை இருவகை உரிமைகளைப் பிரித்தறிய வேண்டும். ஃபேமிகாம் யந்திரத்தின் காப்புரிமைகள் 2000-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டமையால், அதன் அமைப்பைச் சில்லாக வார்த்து விற்பதற்குத் தடை அநேகமாக இல்லை. ஆட்டங்களோ பதிப்புரிமைக்கு உட்பட்டவை. நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு ஜப்பானியச் சட்டம் 2018-இன் இறுதியிலிருந்து 70 ஆண்டுப் பாதுகாப்பு அளிப்பதால், மாரியோவின் உரிமை 2055 வரை நீடிக்கும். உரிமை பெறாமல் இவ்வாட்டங்களைப் பதிந்து விற்பது பதிப்புரிமை மீறலே. உரிமையாளரான நிண்டெண்டோவே 2020 நவம்பரில், மாரியோவின் 35-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற பெயரில் ஒரு கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதிலிருந்த ஆட்டங்கள் மூன்று. அமெரிக்காவில் விலை 49.99 டாலர்.