அம்பாறையில் ஒரு வீடியோ, சிலாபத்தில் ஒரு வரி

இணையத்தில் மாணவர் பாதுகாப்பு என்று பேச்சு வந்தால் எங்கட ஊர்களில் முதலில் வருகிற பதில் "போனைக் குடுக்காதேங்கோ" என்பதுதான். பொம்பிளைப் பிள்ளைகளின் படங்கள் எங்கெல்லாம் போய்ச் சேருது என்று தெரிந்த பெற்றோர் வேறு என்ன சொல்லுவினம்? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதே பதிலைத்தான் அரசாங்கமும் நாட்டுக்குச் சொல்லி வந்திருக்கு. அதால் என்ன நடந்தது என்று பார்க்க 2018க்குப் போக வேணும்.

அந்த வருசம் பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததைக் கண்ட ஒருவர், சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யிற மாத்திரை போட்டிருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. கல்லாவில் நின்றவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் அரைகுறை. கேட்டது என்ன என்று சரியாக விளங்காமல், பயத்தில் அவர் சொன்ன பதில் ஒப்புக்கொண்டது போல ஒலித்தது. அதை யாரோ போனில் பிடித்தார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது, வீடியோ முகநூலில் நாடு முழுக்கப் போனது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது, அது மாவுக்கட்டி என்று. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். மறுப்புக்கு வீடியோவின் கால் இருக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் கண்டி மாவட்டம் பற்றியது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன.

இது வானத்தில் இருந்து விழுந்த இடி இல்லை. முகநூலில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே அறிக்கை வெளியிட்டது. அளுத்கமையில் வன்முறை நடந்ததும் அதே வருசம். வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, விதிகளை அவை மீறவில்லை என்ற பதிலே வந்தது. 2018இல் தன் பக்கம் நடந்த தவறுக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அன்றைக்கே மறுபடியும் முடக்கம். அது எடுபட்டுக் கொஞ்ச நாளில், மே 12, சிலாபம். முகநூலில் ஒருவர் சிங்களத்தில், எங்களை அழ வைப்பது கஷ்டம் என்று ஒரு இழிசொல்லோடு எழுதுகிறார். அதற்கு ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் போடுகிறார்: அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில். கோபத்தில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் குண்டு வெடித்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. ஊர் அதை அடுத்த குண்டுக்கான எச்சரிக்கையாக வாசித்தது. கூட்டம் அவரைத் தாக்கியது, பொலிஸ் அவரையே கைது செய்தது, கல்லெறி பள்ளிவாசல் வரை போனது. அடுத்த நாள் குருநாகல், கம்பஹா மாவட்டங்களும் எரிந்தன. புத்தளம் மாவட்டத்தில் தன் தச்சுப்பட்டறையில் இருந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். திரும்பவும் முடக்கம்.

இரண்டு சம்பவத்திலும் நடுவில் நிற்பது மொழி. அம்பாறையில் தமிழருவி போலத் தமிழ் பேசக்கூடிய ஆள் சிங்களத்தில் மாட்டினார். சிலாபத்தில் சிங்களத்துக்கு ஆங்கிலத்தில் போன பதில் மூன்றாவது ஆளிடம் போய் வேறொன்றாக மாறியது. வெளிநாட்டில் இருந்து வருகிற இணையப் பாதுகாப்புக் கையேடுகளில் கடவுச்சொல் இருக்கு, அந்நியரிடம் பேசாதே இருக்கு. இது இருக்காது. இது எங்கட பாடம், நாங்கள்தான் எழுத வேணும்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டம் சூடுபிடித்தபோது திரும்ப முடக்கினார்கள், அன்றைக்கே கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, தண்டனைகள், விமர்சகரை வாயடைக்க உதவும் என்ற பயம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு உறுத்துவது வேறு: பத்து வருசத்தில் முடக்கத்துக்கும் சட்டத்துக்கும் கிடைத்த அவசரம் வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறையே போனுக்குள் போன காலமும் இருந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை பாடசாலை வாசலில் பறித்து வைக்கப்பட்ட போனில்தான் வட்ஸ்அப் குறூப்பும் சூமும் பாடமும் வந்தன. குறூப்பில் எப்படி நடப்பது, ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து நக்கலடித்தால் அதை ஆரிடம் சொல்வது என்று சொல்லித்தர அப்போது நேரமிருக்கவில்லை. சொன்னால் போன் போகும், ரியூசன் நிற்கும் என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்காது. மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனம்தான் முதல்.

ஒன்றுமே இல்லை என்றில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கு. 2006இல் தொடங்கிய ஸ்ரீலங்கா சேர்ட்டிடம் கணக்குத் திருட்டு, போலிக் கணக்கு பற்றி முறையிடலாம். எல்.கே. டொமைன் பதிவகம் நடத்தும் ஹிதவதி, இணையத்தில் சிக்கலில் மாட்டினவர்களுக்கு மூன்று மொழியிலும் உதவுது. வருசத்துக்கு ஒரு கருத்தரங்கு, ஒரு பதாகை, ஒரு குறூப் படம் என்று முடிகிற விழாக்களை விட இந்த மாதிரி வேலைக்குத்தான் காசும் ஆளும் வேணும். முக்கியமாக, போனை எடுக்கிற ஆள் தமிழில் கேட்கிறவராக, பிள்ளையைத் திட்டாதவராக இருக்க வேணும்.

பாடசாலைக்குள்ளே என்றால், சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் ஒரு தெரிவுப் பாடம். எடுக்காத பிள்ளையிடமும் போன் இருக்கு. அதைவிடப் பொருத்தமான இடம் இரண்டாம் மொழி வகுப்பு என்று எங்களுக்குத் தோன்றுது. நாங்கள் அங்கே பழங்களின் பெயரும் கிழமை நாட்களும் சிங்களத்தில் மனப்பாடம் செய்தோம். அதே பாடவேளையில் அம்பாறைக் கதையைச் சொல்லி, கல்லாவில் நின்றவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். தமிழ்ப் பாடசாலையில் சிங்களத்தில், சிங்களப் பாடசாலையில் தமிழில்.