பறந்து போன பெரியம்மா

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோயில் போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வரும் விஷயம் பாதி முன்பே தெரியும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வழக்காடினார்களாம். இருவரும் ஒன்றே என்று காட்ட வேண்டிக் கோமதியம்மன் தவம் இருந்தாளாம். 12 நாள் திருவிழா நடந்து, தபசு அன்று பொழுது சாயும் நேரத்தில் சுவாமி சங்கரநாராயணராக எழுந்தருளுகிறார். ஒரு பாதி சிவன். மறு பாதி திருமால். அந்த ஒரு மாற்றத்தைக் காணத்தான் அத்தனை ஜனமும் வெயிலில் கால் கடுக்க நிற்கிறது. மணிக்கு ஒரு முறை சுவாமி உருவம் மாறிக்கொண்டிருந்தால் யார் நிற்பார்கள்?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது கோயில் அல்ல, ஒரு வீடியோ காஸெட். 1996-ல் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சங்கரன்கோயிலில் கல்யாணம். என்னை வளர்த்த பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இளம் வயதில் கைம்பெண்ணானவள். நல்ல காரியம் எதிலும் முன்னால் வந்து நிற்காதவள். அன்று பெண்தான் பிடிவாதமாக அவளைக் கூட்டி வந்து உட்கார்த்தி வைத்தாள். தாலி கட்டும்போது பெரியம்மா அட்சதை போடக் கை ஓங்கினாள். காஸெட்டில் சரியாக அந்த இடத்தில் படம் காகிதம் போல் சுருண்டு, பறவையாகி, மூலை வழியே பறந்து போயிற்று. அடுத்த காட்சி, பந்தியில் சாம்பார் வாளி.

அன்று எல்லோரும் கை தட்டிச் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தாள். 2003-ல் அவள் காலமான பிறகு அந்தக் காஸெட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். அசைகிற பெரியம்மா உலகத்தில் அந்த 2 விநாடிதான் இருந்தாள்.

காட்சிக்குக் காட்சி மாறும் வித்தை புதிதல்ல. கர்ப்பக்கிருகத்தில் அலங்காரம் முடியும்வரை திரை போட்டிருக்கிறார்களே, அது என்ன? தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் ஒரு சீலையைப் பிடித்து நிற்பதும் இதே சங்கதிதான். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இரண்டு மாய விளக்குகளை வைத்து, ஒரு படம் கரைய இன்னொன்று தோன்றும்படி காட்டினார்கள். அந்த வழியில் வந்தவர் பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் மெலியே. மேடையில் ஜாலவித்தை செய்தவர். 1899-ல் அவர் எடுத்த ‘சிண்டரெல்லா’ படத்திலேயே காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைந்து மாறின.

அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் காட்சியின் முடிவில் வெளிச்சத்தை மெல்லக் குறைத்து அடைப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அதன் மேலேயே அடுத்த காட்சியை மெல்லத் திறந்து பிடிப்பார்கள். இரண்டாவதில் ஒரு பிசகு நேர்ந்தால் முதலாவதும் பாழ். பிற்காலத்தில் இந்த வேலை லாபரட்டரிக்குப் போயிற்று. எடிட்டர் பிலிமின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு கிழித்து அனுப்புவார். அங்கே அந்த இடத்துக்குப் புதுப் பிரதி தயாரிப்பார்கள். பிரதிக்குப் பிரதி என்பதால் அங்கே படம் சற்று மங்கும். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த நாங்கள் அந்த மங்கலைக் கண்டதுமே, காட்சி மாறப் போகிறது என்று தெரிந்துகொள்வோம்.

பணமும் உழைப்பும் செலவானதால், வேண்டிய இடத்தில் மட்டுமே அதைப் போட்டார்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் ஏற்பட்டது. திரை இருண்டால் இரவு, அல்லது ஓர் அத்தியாயத்தின் முடிவு. ஒன்று கரைந்து ஒன்று தோன்றினால் காலம் கடந்தது என்று பொருள். ஓடுகிற சிறுவனின் கால்கள் கதாநாயகனின் கால்களாக மாறினால் பாட்டிமார்கூட “பய வளந்துட்டான்” என்பார்கள். 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. ஒரே கொலையை ஒவ்வொருவர் வாய்மொழியாகவும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். எது இன்று, எது அன்று என்று ஜனங்கள் பிரித்தறிந்தார்கள் என்றால், அந்த மொழி அவர்களுக்குப் பாடமாகியிருந்தது என்றுதானே அர்த்தம்?

பிறகு வீடியோ வந்தது. ஜப்பானில் 1976-ல் வெளியான வி.எச்.எஸ். காஸெட், பத்துப் பதினைந்து வருஷத்தில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1990-ல் ‘வீடியோ டோஸ்டர்’ என்ற கருவி விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு பித்தானை அமுக்கினால் ஆடுகள் வானத்திலிருந்து விழுந்து படத்தை மாற்றும்! மெலியே உயிரை விட்டுச் செய்ததை விரல் நுனி செய்தது. செலவில்லாமல் கிடைத்ததும் அர்த்தமும் போயிற்று. மாலை மாற்றும்போது இதய வடிவம், பந்தியில் நட்சத்திரம், மொய் எழுதும்போது சுழலும் பெட்டி என்று ஆயிற்று.

மூலக் காஸெட் கிடைக்குமா என்று வீடியோ எடுத்தவரைத் தேடிப் போனேன். அதன் மேல் வேறு கல்யாணங்களை எடுத்து வெகுகாலம் ஆயிற்றாம்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நேரா வெட்டி ஒட்டிக் குடுத்தா, ‘என்னடே, ஒண்ணுமே போடலையே, துட்டு மட்டும் எண்ணி வாங்கிட்டே’ன்னு கேப்பாங்க. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில நாப்பது எபெக்ட், நம்ம வீட்டில முப்பதுதானான்னு சண்டை போட்டவங்க உண்டு. இன்னொண்ணும் சொல்லுதேன். கேமரா ஆடிருச்சுன்னா, லைட்டு போயிருச்சுன்னா, அந்த இடத்தை மறைக்க இதை விட்டா வேற வழி கிடையாது.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கை தட்டியவர்களில் நானும் ஒருவன் அல்லவா? அதோடு, ‘மறைக்க’ என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. தொடர்கதை எழுதிய காலத்தில் நானும் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன்; “இது இவ்வாறிருக்க” என்று எழுதியிருக்கிறேன். எங்கே போட்டேன் என்று பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மறுநாள் காலை எப்படி எழுந்து அடுப்பு மூட்டினாள் என்று எனக்கு எழுதத் தெரியாத இடத்தில் மூன்று நட்சத்திரம் இருந்தது. நான் பறக்கவிட்ட பறவை அது.

சென்ற ஆண்டு அதே ஊரில் இன்னொரு கல்யாணம். படம் எடுத்த பையனிடம், “தம்பி, தாலி கட்டி முடிகிறவரைக்கும் எதையும் சுழற்றாதே” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவனும் அப்படியே செய்தான். நாலரை நிமிஷம். ஒருவர் இருமுகிறார், ஒரு குழந்தை சிணுங்குகிறது, ஒரு கிழவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள்.

“ரொம்ப இழுக்குதே மாமா” என்றாள் மருமகள்.

“இழுக்கட்டும் தாயி” என்றேன்.