தட்டு மாறிய காவல்: 14ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் சரணாகதிக் கோட்பாடு

எல்லாம் பெருமாள் செயல் என்று நம்பி இருப்பவர்கள், அந்தப் பெருமாளுக்கே ஆபத்து வரும்போது என்ன செய்வார்கள்? 1323இல் திருவரங்கத்து வைணவர்கள் இந்தக் கேள்விக்கு முன் வந்து நின்றார்கள். அவர்கள் தந்த விடையைப் புரிந்துகொள்ள பல நூற்றாண்டு பின்னே போக வேண்டும்.

சரணாகதிக்கு வேர் ஆழ்வார்களிடம் இருக்கிறது. நம்மாழ்வார் திருவேங்கடமுடையானிடம் அடைக்கலம் புகுந்தார். ஆளவந்தார் அதைத் தம் ஸ்தோத்திர ரத்தினத்தில் வடமொழியில் பாடினார். இராமானுசர் ஒரு பங்குனி உத்திரத்தன்று அரங்கன் முன் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு. அந்நூலில் அவர் வேண்டுவது வெறும் துன்ப நீக்கமன்று. என்றும் நீங்காத கைங்கர்யம், அதாவது தொண்டு. உடல் உள்ளவரை ஐயமின்றித் திருவரங்கத்திலேயே சுகமாக இரு என்று அரங்கன் அருளும் விடையும் அதிலேயே வருகிறது. அந்த அருள்வாக்கை ஓதி வளர்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குத்தான் திருவரங்கத்தில் இருக்கவே முடியாமல் போயிற்று.

இதற்கிடையில் கோட்பாடு மேலும் கூர்மைப்பட்டிருந்தது. திருவரங்கத்து ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில், காப்பதற்கு வழி இறைவன் ஒருவனே, உயிர் செய்யும் சரணாகதியைக்கூட வழியாக எண்ணலாகாது என்றார். அவன் காக்க வரும்போது தடுக்காமல் இருந்தால் போதும். இதோடு நின்றிருந்தால் இது செயலின்மையில் போய் முடியும் கொள்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே நூல் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டை எடுத்துக்கொண்டு, எல்லாரையும் காக்கிறவனுக்கு ஒரு பக்தன் காப்பிடலாமா என்று கேட்கிறது. அறிவு நிலையில் காப்பவன் அவன், காக்கப்படுவது உயிர். காதல் முற்றிய நிலையில் இந்தத் தட்டு மாறிவிடும் என்பது ஆசிரியரின் விடை. தமிழ் வைணவச் சிந்தனையின் உச்சங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

டில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை 1311இல் தெற்கே வந்து போனது. 1323இல் உலூக் கானின் படை வந்தபோது கொள்ளிடக் கரையில் உற்சவம் நடந்துகொண்டிருந்ததாகக் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு கூறுகிறது. பள்ளிகொண்ட பெருமாளை மறைத்துக் கற்சுவர் எழுப்பினார்கள். உற்சவ மூர்த்தியான அழகிய மணவாளரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு லோகாசாரியர் சிலரோடு தெற்கே புறப்பட்டார். அவர் அப்போதே முதியவர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. கோயிலொழுகு பல காலங்களில் பலர் கை பட்ட நூல். அந்தப் படையெடுப்பில் மாண்டவர் பன்னீராயிரம் என்ற எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் காப்பவன் அவனே என்று எழுதிய கை அவனைக் காப்பதற்காகக் காட்டுவழியில் இறங்கியது என்ற செய்தியை குருபரம்பரை நூல்கள் போற்றுகின்றன. தட்டு மாறும் என்று எழுதியவர் அதை வாழ்ந்தும் காட்டினார்.

அவர் காலத்து மற்றோர் ஆசாரியரான வேதாந்த தேசிகரின் நிலைப்பாடு வேறு. இறைவன் அருள்வதற்கு உயிரின் பக்கமிருந்து ஒரு வியாஜம், சிறு முகாந்தரமாவது வேண்டும் என்பார் அவர். பிற்காலத்தில் வடகலை, தென்கலை என்று வளர்ந்த பிளவில் இது ஒரு முக்கியப் புள்ளி. ஆனால் ஆபத்துக் காலத்தில் இருவரும் செய்தது ஒன்றுதான். சுதர்சன சூரி என்ற ஆசாரியரின் உரைநூலான சுருதப் பிரகாசிகையின் ஓலைகளையும் அவருடைய பிள்ளைகளையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே தேசிகர் மறைந்து கிடந்தார் என்கிறது மரபு. பிறகு அவர் இயற்றிய அபீதிஸ்தவம், திருவரங்கத்தைச் சூழ்ந்த அச்சத்தை நீக்கும்படி அரங்கனை வேண்டுகிறது. அச்சமே இல்லை என்று அவர் பாடவில்லை. அச்சத்தை ஒப்புக்கொண்டு அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

அழகர்கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை என்று மூர்த்தி அலைந்தது. செஞ்சியை ஆண்ட விஜயநகரத் தலைவர் கோபணாரியர் அதை மீண்டும் அரங்கத்தில் எழுந்தருளச் செய்ததைக் கோயிலில் உள்ள சக ஆண்டு 1293, அதாவது 1371ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுதிசெய்கிறது. இடையில் வேறொரு மூர்த்திக்கு வழிபாடு நடந்துவந்ததால், எது பழைய பெருமாள் என்ற ஐயம் எழுந்தது. தீர்த்து வைத்தவர் கண் பார்வை இழந்த ஒரு முதிய வண்ணார். திருமஞ்சனமான ஈர ஆடையைப் பிழிந்து அந்தத் தீர்த்தத்தைப் பருகுவது முன்னாளில் அவர் வழக்கம். இரு மூர்த்திகளின் ஆடைத் தீர்த்தத்தையும் பருகிப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்றாராம். 48 ஆண்டுகளாக அந்தத் தீர்த்தத்தின் மணத்தை ஒருவர் மறக்காமல் இருந்தார் என்று கோயிலொழுகு சொல்லும் இந்த நிகழ்ச்சியைக் கல்வெட்டால் மெய்ப்பிக்க முடியாது. ஆனாலும் ஊரின் நினைவு இந்தச் சாட்சியத்தை ஓர் ஆசாரியரிடமோ அரசரிடமோ கொடுக்காமல் வண்ணாரிடம் கொடுத்திருப்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

லோகாசாரியர் அந்தத் திரும்புகையைக் காணவில்லை. இறுதிக் காலத்தில் அவருடைய கவலை எல்லாம், மதுரையில் அரச காரியத்தில் மூழ்கிவிட்ட திருமலையாழ்வாரைச் சம்பிரதாயத்துக்கு மீட்டு வருவதைப் பற்றியே இருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் கூரகுலோத்தம தாசர் முக்கியமானவர். அப்படி மீண்டு வந்த திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளை. சிதைந்து கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி அமைத்தவர். அவருடைய மாணவர் மணவாள மாமுனிகள் பின்னர் திருவரங்கத்தில் குடியேறி, ஸ்ரீவசன பூஷணத்துக்கு வியாக்கியானம் எழுதினார். தட்டு மாறும் அந்தப் பகுதியை இன்றும் அவருடைய உரையோடுதான் படிக்கிறார்கள்.