பழவேற்காடு: கோட்டை போனது, பூநாரை வருகிறது

கும்மிடிப்பூண்டி என்றாலே சிப்காட், இரும்பு ஆலை, லாரி வரிசை... இவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ரயில் பாதையில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் வருவது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் இருக்கிறது.

குளிர்காலத்தில் பைனாகுலரும் கையுமாக இங்கே வருபவர்கள் தேடுவது பூநாரைகளை. ஆனால் 400 வருடங்களுக்கு முன்பு கப்பலில் வந்தவர்கள் தேடியது வேறு!

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இங்கு வாங்கிய துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, நறுமணப் பொருட்களை வாங்கினார்கள். துணி மட்டுமா? மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று மிஞ்சியிருப்பது கோட்டையின் இடிபாடும், சிற்ப வேலைப்பாடுள்ள டச்சுக் கல்லறைகளும்தான்.

பூநாரை மட்டும் ஏன் விடாமல் வருகிறது? அது அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, பாசியையும் சிறு இறாலையும் வடிகட்டித் தின்னும் பறவை. அதன் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்து வருவதே. நின்று மேய ஆழமில்லாத உவர்நீர் வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரி வற்றினால் பறவைக்கும் இரை இல்லை, மீனவருக்கும் மீன் இல்லை!

ஏரியின் தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. நிலமும் குடிநீரும் உப்பானது. பண்ணைகளின் லாபக் கணக்கில் அந்த நஷ்டம் ஏறவே இல்லை. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் 2005-ல் வந்த மத்தியச் சட்டம் கடலோர இறால் வளர்ப்புக்கு மறுபடியும் வழிவிட்டது.

இந்த ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இன்ன இடத்தில் இன்று யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஏரியை மொத்தமாகச் சுரண்ட வந்தவர்கள் கோட்டையோடு போனார்கள். முறை வைத்து உண்டவர்களும், பருவம் பார்த்து வரும் பறவைகளும்தான் நிலைத்தார்கள்.

அடுத்து வரும் தொழிற்சாலையும் துறைமுகமும் இந்த இரண்டில் எந்த வழியைப் பிடிக்கப் போகின்றன என்பதுதான் கேள்வி. யோசியுங்கள் நண்பர்களே!