தாம்பரம்: சென்னையின் தென் புறநகர்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி உள்ள நகரம் தாம்பரம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் உள்ளிட்ட சுற்றுவட்டாரங்களைச் சேர்த்து 2021-இல் மாநகராட்சி ஆனது. ரயில் வசதி இல்லாத செஞ்சியிலிருந்தும் தளவானூர் போன்ற அதன் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் திண்டிவனம் வழியாகப் பேருந்தில் வருவோருக்குச் சென்னை தொடங்குவது இந்தப் பக்கத்தில்தான்.

முதலில் ஆட்களை வரவழைத்தது நல்ல காற்று. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது.

ஊரைப் புறநகர் ஆக்கியது மின்சார ரயில். 1931 மே மாதம் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் தடத்தில் அது ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் வேலை, மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு என்ற வாழ்க்கை சாத்தியமானது இதனால்தான். மீட்டர் கேஜ் 2004-இல் விடைபெற்றது. அகலப்பாதையில் இன்றும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு இன்னும் குறையும்.

பணம் கரைவது நிலையத்துக்கு வெளியே. மாலையில் நடைமேம்பாலப் படிகளில் நெருக்கியடித்து இறங்கும் கூட்டம், முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் என்று கூவும் ஷேர் ஆட்டோக்களைத் தேடி ஓடும். கடைசிச் சில கிலோமீட்டருக்குக் கொடுக்கும் காசு பல நேரங்களில் முழு ரயில் கட்டணத்தையும் தாண்டிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் வீட்டின் வாடகை மலிவு என்று கணக்குப் போடுபவர்கள் இதைச் சேர்த்துக் கொள்வதில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது உண்மையான சேமிப்பு.

மனை வாங்குவோர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனிச் செலவு. 2015 டிசம்பரிலோ அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் மூழ்கின.

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து வரும் பேருந்துகள் கோயம்பேடு வரை போகாமல் அங்கேயே நிற்பதால், நகருக்குள் செல்ல வேண்டியவர்களுக்கு இன்னொரு வண்டி, இன்னொரு கட்டணம். தாம்பரம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஊர்ப் பயணம் சுருங்கியிருக்கிறது.