இரட்டையில் ஒருவர்: டி.கே.ராமமூர்த்தி தனியாக இசையமைத்த படங்கள்

ராக் இசை பற்றி எழுதுறவங்களுக்குப் பிடித்தமான வேலை ஒன்று உண்டு. ஒரு பெரிய குழு உடையும். அதிலிருந்து வெளியே வந்த ஒருத்தர் தனியாக ஒரு ஆல்பம் போடுவார். அது வந்த காலத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அல்லது நன்றாகத் திட்டுவார்கள். முப்பது வருஷம் கழித்து ஒருத்தர் அதைத் தூசி தட்டி எடுத்து, "அடடா, இதை விட்டுட்டோமே" என்று எழுதுவார். பீட்டில்ஸ் கலைந்த பிறகு 1971ல் பால் மெக்கார்ட்னி, மனைவி லிண்டாவோடு சேர்ந்து வெளியிட்ட 'ராம்' ஆல்பத்துக்கு இதுதான் நடந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அன்றைக்கு அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. இன்றைக்கு அவருடைய நல்ல வேலைகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறவர்கள் நிறைய.

தமிழில் இதற்குச் சமமான கதை எதுவென்று யோசித்தால் எனக்கு முதலில் தோன்றும் பெயர் டி.கே.ராமமூர்த்தி. பீட்டில்ஸ் உடைவதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே, 1965ல், நம்ம ஊரில் அதே அளவுக்குப் பெரிய ஒரு ஜோடி பிரிந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற பெயர் முடிந்தது. அதற்குப் பிறகு விஸ்வநாதன் என்ன செய்தார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராமமூர்த்தி என்ன செய்தார்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான ரசிகர்களிடம் ஒரு வரிப் பதில்தான் இருக்கிறது: "சில படம் பண்ணினார், அப்புறம் காணாமப் போயிட்டார்." அந்த "சில படம்" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இருவரும் ஒரு பெயரானது

ராமமூர்த்தி 1922ல் திருச்சியில் பிறந்தவர். வயலின் குடும்பம். மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை வழியில் வந்தவர். விஸ்வநாதன் 1928ல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். இரண்டு பேரும் சி.ஆர்.சுப்பராமனிடம் வேலை பார்த்தார்கள். 1952ல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, அவர் பாதியில் விட்ட படங்களை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இரண்டு பெயரும் ஒன்றாக வந்தன. இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் இருக்கிற மாதிரி நீங்களும் சேர்ந்தே செய்யுங்கள் என்று யோசனை சொன்னவர் கலைவாணர்தான் என்பார்கள். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனாலும் பெயர் வரிசையில் விஸ்வநாதன் முதலில், ராமமூர்த்தி இரண்டாவது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பின்னாடி இது பெரிய விஷயம்.

1963ல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் கிடைத்தது. 'மன்னர்கள்' என்று பன்மையில் கொடுத்த பட்டம். இன்றைக்கு 'மெல்லிசை மன்னர்' என்று ஒருமையில் சொன்னால் உங்களுக்கு யார் முகம் வருகிறது? அதேதான்.

ஒரு பழைய வாய்ப்பாடு

இந்த ஜோடியைப் பற்றி ரொம்ப நாளாகப் புழங்குகிற ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. மெட்டு விஸ்வநாதன், வாத்தியக் கோப்பு ராமமூர்த்தி. ஒருத்தர் ஆர்மோனியம், ஒருத்தர் வயலின். ஒருத்தர் கற்பனை, இன்னொருத்தர் சாஸ்திரம். கேட்கச் சுலபமாக இருப்பதால் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம்.

இது உண்மையா என்று அந்த 13 வருஷப் பாட்டுகளைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அவற்றில் இரண்டு கையும் கலந்திருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரே வழி, இருவரும் தனித்தனியாக இருந்தபோது என்ன வந்தது என்று பார்ப்பது. வாய்ப்பாடு சரியென்றால் 1966க்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்திருக்க வேண்டும். ராமமூர்த்தி படங்களில் வாத்தியம் பிரமாதமாகவும் மெட்டு சுமாராகவும் இருக்க வேண்டும். விஸ்வநாதன் படங்களில் மெட்டு பிரமாதமாகவும் வாத்தியம் மெலிந்தும் இருக்க வேண்டும்.

இரண்டாவது நடக்கவில்லை என்று நமக்கே தெரியும். 1966ல் வந்த 'அன்பே வா'வைக் கேட்டுவிட்டு வாத்தியம் மெலிந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? முதலாவது நடந்ததா என்பதை மட்டும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்று படங்கள்

1966ல் ராமமூர்த்தி இசையில் 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'மறக்க முடியுமா?' என்று மூன்று படங்கள் வந்தன. பிரிந்த அடுத்த வருஷமே மூன்று. இதில் முரசொலி மாறன் இயக்கிய 'மறக்க முடியுமா?' படத்தில் பி.சுசீலா பாடிய 'காகித ஓடம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் மு.கருணாநிதி. பாட்டு பிறந்த கதையாக ஒன்று சொல்வார்கள். கவிஞர் மாயவநாதன் சந்தம் கேட்டாராம். ராமமூர்த்தி விளையாட்டாக அவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தமாகக் கொடுத்தாராம். கவிஞர் கோபித்துக்கொண்டு போக, கலைஞர் அதே சந்தத்துக்கு எழுதிக் கொடுத்தாராம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அது சொல்லப்படுகிற விதம் கவனிக்க வேண்டியது. கலைஞரின் சமயோசிதத்துக்கு உதாரணமாகத்தான் எப்போதும் சொல்வார்கள். மெட்டுப் போட்டவர் அதில் துணைப் பாத்திரம்.

பாட்டைக் கேட்டால் அது முழுக்க மெட்டால் நிற்கிற பாட்டு. சம அளவான சின்னச் சின்னத் துண்டுகள், அலையில் ஏறி இறங்குகிற மாதிரி. சுசீலாவின் குரல்தான் முன்னால் நிற்கிறது. ஒருமுறை கேட்டவர் வாத்தியமே இல்லாமல் முணுமுணுக்கலாம். வாத்தியக் கோப்பு மட்டும் தெரிந்தவர் செய்கிற வேலை இல்லை இது.

அடுத்தது 1967ல் டி.ஆர்.ராமண்ணா இயக்கிய 'நான்'. ரவிச்சந்திரன், ஜெயலலிதா நடித்தது. ஒரு ராக் குழுக்காரரின் தனி ஆல்பம் என்று ஒன்றை மேசையில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன். 'போதுமோ இந்த இடம்' என்று டி.எம்.எஸ்., சுசீலா பாடிய குறும்பான டூயட். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய, மேற்கத்திய சாயலில் மிதக்கிற 'வந்தால் என்னோடு'. அதே ஈஸ்வரி சீர்காழி கோவிந்தராஜனோடு சேர்ந்து பாடிய 'அம்மனோ சாமியோ', அசல் சாமியாட்டம். இந்த மூன்றும் ஒரே படத்தில், ஒரே ஆள் போட்டது. எங்க ராமநாதபுரம் பக்கம் முளைப்பாரித் திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ்காரர் செட் போட்டால் அந்த மூன்றாவது பாட்டு இன்றைக்கும் ஓடும். ஓட விடுகிறவரிடம் யார் இசை என்று கேட்டுப் பாருங்கள். எம்.எஸ்.வி. என்பார்.

மூன்றாவது 1969ல் வந்த 'தங்கச் சுரங்கம்'. சிவாஜி துப்பறியும் அதிகாரியாக வருகிற, ஜேம்ஸ்பாண்ட் பாணிப் படம். இதுவும் ராமண்ணா இயக்கியதுதான். துப்பாக்கி, துரத்தல், நடனம் என்று போகிற கதைக்கு வேண்டிய வேகமான இசையைக் கர்நாடக வயலின் மரபில் வளர்ந்த ஒருத்தர், நாற்பதைத் தாண்டிய வயதில் போட்டிருக்கிறார். ஒருத்தர் சாஸ்திரம், மற்றவர் கற்பனை என்ற பங்கீடு இங்கேயும் நிற்கவில்லை.

அப்புறம் ஏன் மறந்தோம்?

தனியாக அவர் இசையமைத்தவை மொத்தம் 16 படங்கள் என்று கணக்குச் சொல்வார்கள், 1966 முதல் 1986 வரை. அதில் பெரும்பகுதி முதல் ஐந்து வருஷத்திலேயே முடிந்துவிட்டது. எல்லாமே முத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்ததற்குக் காரணம் சரக்கு தீர்ந்தது இல்லை என்பதுதான் என் வாதம்.

அன்றைய சினிமாவில் ஒரு இசையமைப்பாளர் நிற்பது யார் படத்துக்குப் போடுகிறார் என்பதில் இருந்தது. பிரிந்த பிறகு ராமமூர்த்திக்கு எம்.ஜி.ஆர். படம் ஒன்றுகூட வரவில்லை. ரவிச்சந்திரன், ஜெமினி, நாகேஷ் என்று போகிற படங்களில் பாட்டு எவ்வளவு ஓடினாலும், எம்.ஜி.ஆர். பாட்டு கொட்டகையிலிருந்து கட்சிக் கூட்டம் வரைக்கும் போகிற மாதிரி போகாது. தொடர்ந்து கைகொடுத்த ராமண்ணாவைப் பாருங்கள். 'பாசம்', 'பெரிய இடத்துப் பெண்', 'பணக்காரக் குடும்பம்' என்று இரட்டையரோடு எம்.ஜி.ஆர். படங்கள் எடுத்தவர் அவர். பிரிவுக்குப் பிறகு 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்' என்று மூன்று வருஷம் வரிசையாக ராமமூர்த்தியை வைத்துக்கொண்டார். ஆனால் 1970 தீபாவளிக்குச் சிவாஜியை வைத்து அவர் எடுத்த 'சொர்க்கம்' படத்துக்கு இசை விஸ்வநாதன். நிலைத்த ஒரு கதவும் அப்படி மாறியது.

இதில் விஸ்வநாதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வளர்ந்தது அவர் உழைப்பால், அந்த வளர்ச்சி நிஜம். அவருக்குக் குரலும் இருந்தது, சொந்தமாகப் பாடினார், முகம் ஜனங்களுக்குத் தெரிந்தது. பெயரும் வரிசையில் முதலில் இருந்தது. அப்புறம் பழைய பாட்டெல்லாம் பேச்சுவழக்கில் எம்.எஸ்.வி. பாட்டு ஆகிவிட்டது. 'விஸ்வநாதன்–ராமமூர்த்தி' என்று முழுசாகச் சொல்ல நாக்குக்குச் சோம்பல். அந்தச் சோம்பலில் ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை போய்விட்டது.

இன்னொரு காரணம், நம்மிடம் ஆல்பம் என்ற வடிவமே அப்போது இல்லை. மெக்கார்ட்னியின் வேலை மேல் அவர் பெயரும் மனைவி லிண்டாவின் பெயரும் இருந்தன, அதனால் திரும்ப எடுத்துப் பார்க்க முடிந்தது. நம்மூரில் இசை, நடிகர் பெயருக்கும் படத்தின் வெற்றி தோல்விக்கும் உள்ளே இருக்கிறது. உத்தரகோசமங்கை மரகத நடராஜர் மாதிரி. ஒலி அதிர்வில் மரகதம் சேதமாகும் என்ற நம்பிக்கையில் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில் வைத்திருப்பார்கள், மார்கழி ஆருத்ராவை ஒட்டித்தான் வழக்கமாகக் காப்பு களைவார்கள். அங்கே கல்லை ஒலியிலிருந்து காக்க மூடுகிறார்கள். சினிமாவில் ஒலியையே மூடிவிட்டோம், களைய ஒரு நாளும் குறிக்கவில்லை.

எங்க கடற்கரையில் ஒரு தலைமுறை மட்டும் இதில் கொஞ்சம் தப்பித்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி இங்கே கணீரென்று கேட்கும். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார்கள். எழுபது வயதைத் தாண்டிய எங்க பெரியப்பா இன்றைக்கும் 'நான்' என்றதும் "அது ராமமூர்த்தி தனியாப் போட்டது" என்கிறார். அறிவிப்பாளர் ஒரு பெயரைச் சரியாகச் சொன்னால் ஐம்பது வருஷம் கழித்தும் அது நிற்கிறது.

பிறகு நடந்தது

1995ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012 ஆகஸ்டில், அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும் ஆளுக்கு 60 பொற்காசும் காரும் கொடுத்தார். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திலும் 'நான்', 'மூன்றெழுத்து' படங்களிலும் நடித்தவர் அவர். ராமமூர்த்தி தனியாக யார் என்று அந்த மேடையில் இருந்தவர்களில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! எட்டு மாதம்கூட முடியவில்லை, 2013 ஏப்ரல் 17ல் ராமமூர்த்தி சென்னையில் இறந்தார். வயது 90.

இந்தப் படங்கள் விஸ்வநாதனின் படங்களைவிட உயர்ந்தவை என்று நிரூபிக்க எனக்கு ஆசையில்லை. அவை நமக்கு வேறொன்றைச் சொல்கின்றன. 1952ல் சேர்ந்த இரண்டு பேரில் யாரும் பாதி இசைக்காரர் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த 13 வருஷத்தில் ஒருத்தர் வேலையை மற்றவர் கற்றுக்கொண்டு, பிரிந்தபோது இரண்டு முழு இசையமைப்பாளர்களாக வெளியே வந்தார்கள். ஒருத்தருக்குக் காலம் இடம் கொடுத்தது, இன்னொருத்தருக்கு ஐந்து வருஷம்தான் கொடுத்தது.

நேரமிருந்தால் 'நான்' படப் பாட்டுகளை வரிசையாக ஒருமுறை கேளுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், பாட்டு மட்டும். இணையத்தில் இசை என்ற இடத்தில் வேறு பெயர் போட்டிருந்தால், கீழே சரியான பெயரை ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.